பிரசவத்திற்கு முன் ஒரு சிறு பரிசோதனை

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் நேரத்தில் எமது ஆலய மண்டபத்தில் தாய்மார் கூடியிருந்து பேசுவது வழக்கம். அண்மைக் காலமாக அங்கே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுவதைக் கேட்டு வருகிறோம். “கனடாவில் இருக்கிற அக்காவுக்குப் பிள்ளை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது பஞ்சுக்குச்சியால் ஏதோ சோதனை செய்தார்களாம். இங்கே லண்டனில் எனக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லையே, ஏன்?” என்பது அக்கேள்வி. இன்னொரு கேள்வி மெதுவான குரலில் வருகிறது. “எனக்குக் ‘குறூப் பி ஸ்ரெப்’ இருக்கிறதாம். மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. இது கூடாத வருத்தமா?”

இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கர்ப்பிணித் தாய்மார் மட்டுமன்றி, அவர்களின் கணவன்மாரும் மாமிமாரும் அம்மாமாரும் இதனை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

திருச்சிராப்பள்ளித் தாயுமான சுவாமியின் வரலாறு எம்மிற் பலருக்குத் தெரியும். பிரசவ வேதனைப்பட்ட ஒரு பெண்ணுக்குத் துணையாகப் புறப்பட்ட அவளது தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலே தங்கிவிட, சிவபெருமானே தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது அது. புலம்பெயர்ந்து வாழும் எமது பெண்களிற் பலருக்கும் தாய் கடலுக்கு அக்கரையில்தான் இருக்கிறார். தாய் பக்கத்தில் இருந்தாலும், அவர் காலத்து ஊர் அனுபவத்தில் இச்சோதனை இருந்ததில்லை. ஆகவே அவர் சொல்லித் தர முடியாத ஒன்றை நாம் இங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ள வேண்டியிருக்கிறது.

இது என்ன கிருமி?

ஸ்ரெப்ரோகொக்கஸ் என்பது ஒரு பக்ரீரியாக் குடும்பத்தின் பெயர். இக்குடும்பத்தை ஏ, பி, சி எனப் பிரித்துக் காட்டியவர் றெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் எனும் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. அவர் அவ்வாறு வகைப்படுத்தியது 1933இல். தொண்டை நோவைத் தரும் கிருமி ஏ பிரிவைச் சேர்ந்தது. நாம் இங்கே பேசுவது பி பிரிவைப் பற்றி. இதனைச் சுருக்கமாக ஜீ.பி.எஸ். என்பர். ஆரம்பத்தில் இக்கிருமி பசுக்களின் மடியில் வீக்கத்தை உண்டாக்கிப் பாலை வற்றச் செய்வதாகவே அறியப்பட்டிருந்தது. அதனாலேயே இதற்குப் ‘பால் இல்லாமை’ என்னும் பொருள்பட இலத்தீனில் பெயரிட்டனர். மனிதரில், அதிலும் பிறந்த குழந்தைகளில், இது செய்யும் கேடு பின்னரே விளங்கியது.

இக்கிருமி எம்முடைய குடலில் மற்றைய எத்தனையோ கிருமிகளுடன் சேர்ந்து வாழ்வது. பெண்களின் பிறப்புறுப்பிலும் வந்து தங்கும். இந்நாட்டில் பத்துப் பெண்களில் இரண்டு முதல் நான்கு பேர் வரை இதனைக் காவுகிறார்கள். அவர்களுக்கு நோவில்லை, காய்ச்சலில்லை, வேறு எந்த அறிகுறியும் இல்லை. இக்கிருமி சில காலம் இருக்கும், பின் போகும், மீண்டும் வரும்.

மெதுவான குரலில் கேட்கப்பட்ட கேள்விக்கு இங்கேயே விடை கூறி விடுகிறோம். இது அசுத்தத்தினால் வருவதன்று. எத்தனை முறை முழுகினாலும் போவதுமன்று. பாலியல் நோயுமன்று. கணவன் மீதோ மனைவி மீதோ ஐயப்படுவதற்கு இதில் எதுவுமில்லை. ‘பொசிற்றிவ்’ என்று கடிதத்தில் எழுதியிருந்தால், “இந்தக் கிருமி இப்போது உடம்பில் தங்கியிருக்கிறது” என்பதே அதன் பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பிள்ளைக்கு என்ன ஆபத்து?

தாய்க்குத் தொல்லை தராத இக்கிருமி பிரசவ வேளையிலோ, பன்னீர்க்குடம் உடைந்த பின்னரோ பிள்ளையைச் சென்றடையலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்போதும் ஒன்றும் நேர்வதில்லை. மிகச் சிலருக்கு மட்டும் அது இரத்தத்தில் பரவியோ, நியூமோனியாவாகவோ, மூளைக்காய்ச்சலாகவோ மாறிவிடுகிறது. பிறந்து முதல் ஆறு நாட்களுக்குள் வருவதை முற்பட்ட தொற்று என்றும், ஏழாம் நாள் முதல் மூன்று மாதம் வரை வருவதைப் பிற்பட்ட தொற்று என்றும் வைத்தியர்கள் பிரிக்கிறார்கள். முற்பட்ட தொற்றில் பெரும்பாலானவை பிறந்த முதல் நாளிலேயே வெளிப்படுகின்றன.

மகப்பேற்று வைத்தியர்களின் றோயல் கல்லூரி 2017இல் தாய்மாருக்கு வெளியிட்ட விளக்கத்தில் உள்ள கணக்குகளைத் தருகிறோம். இந்நாட்டில் பிறக்கும் 1750 குழந்தைகளில் ஒன்றுக்கு முற்பட்ட தொற்று ஏற்படுகிறது. அவ்வாறு நோயுற்ற குழந்தைகளில் 19இல் ஒன்று சிகிச்சை அளித்தும் இறந்து விடுகிறது. தப்பும் குழந்தைகளில் 14இல் ஒன்றுக்கு நீண்ட காலக் குறைபாடு தங்கிவிடுகிறது.

கிருமி இருப்பதாகச் சோதனையிற் தெரிந்த தாய்மாரை மட்டும் எடுத்துக் கொண்டால், மருந்து பெறாவிடின் 400 பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் வருகிறது. அதாவது 399 பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. ஆகவே கடிதத்தைக் கண்டதும் கலங்க வேண்டாம். ஆனால் பிரசவ நேரத்தில் மருந்து பெற்றால் அந்த 400இல் ஒன்று, 4000இல் ஒன்றாகக் குறைகிறது. பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஆபத்தை நாம் ஏன் அசட்டை செய்ய வேண்டும்?

சோதனை எப்படிச் செய்யப்படுகிறது?

கர்ப்பத்தின் 35ஆம் வாரத்திற்கும் 37ஆம் வாரத்திற்கும் இடையில் இச்சோதனை செய்யப்படுவது வழக்கம். இரட்டைப் பிள்ளைகள் எனில் இன்னும் முந்திச் செய்வர். மெல்லிய பஞ்சுக்குச்சியால் யோனியின் கீழ்ப்பகுதியிலும் மலவாசலிலும் தடவி எடுப்பதுடன் வேலை முடிந்து விடும். நோவு இல்லை. தாய் தானாகவே மறைவில் எடுத்துக் கொடுக்கலாம் என்பதால் கூச்சப்படவும் தேவையில்லை. முடிவு சில நாட்களில் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்கிருமியை நன்கு வளர்த்துக் காட்டும் ஊட்டக் கரைசலில் வைத்துச் செய்யும் சோதனையே நம்பத்தக்கது. வேறு காரணத்திற்காக எடுக்கப்படும் சாதாரண பஞ்சுக்குச்சிச் சோதனை இக்கிருமியைப் பல வேளைகளில் தவற விட்டு விடும். அதில் ‘இல்லை’ என்று வந்தால் அதை முழுமையாக நம்ப முடியாது. ‘இருக்கிறது’ என்று எந்தச் சோதனையில் வந்தாலும் அது உண்மையே.

மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ சோதித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கிருமி வந்து போவதால், அப்போதைய முடிவு பிரசவ நாளுக்குப் பொருந்தாமற் போகலாம். சோதித்த பின்னர் ஏறக்குறைய ஐந்து வாரங்கள் வரையே அம்முடிவை நம்பியிருக்கலாம்.

அங்கே உண்டு, இங்கே இல்லை: ஏன்?

அமெரிக்காவில் எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதிக்க வேண்டும் என்று 2002இல் பரிந்துரை செய்தார்கள். கனடாவிலும் 35 முதல் 37 வாரங்களில் எல்லோருக்கும் சோதனை செய்ய வேண்டும் என்பதே வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டல். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புகளுக்கு 1.8 ஆக இருந்த முற்பட்ட தொற்று, 2015இல் 0.23 ஆகக் குறைந்தது. பிரசவ நேரத்து மருந்தே இதற்குப் பெருங்காரணம்.

பிரித்தானியாவிலோ தேசியப் பரிசோதனைக் குழு 2017இல் இவ்விடயத்தை மீண்டும் ஆராய்ந்து, எல்லோரையும் சோதிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. இது பணத்தை மிச்சம் பிடிக்கும் எண்ணம் என்று எம்மவரிற் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கூறும் காரணங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 35ஆம் வாரத்தில் கிருமி உள்ள பலருக்குப் பிரசவத்தின்போது அது இல்லாமற் போகலாம். ஒரு குழந்தையைக் காக்க மிகப் பல தாய்மாருக்குத் தேவையின்றி மருந்து ஏற்ற நேரிடும். அன்ரிபயோற்றிக் மருந்தை அளவுக்கு மீறிப் பாவித்தால், பிற்காலத்தில் அம்மருந்துக்குக் கிருமிகள் அடங்காமற் போகும். மேலும் 35 வாரத்திற்கு முன்பே பிறக்கும் பிள்ளைகளே அதிக ஆபத்துள்ளவர்கள். அவர்களை இச்சோதனை தவற விட்டு விடுகிறது. இவை அவர்களின் காரணங்கள்.

இவ்விரு வழிகளில் எது மேலானது என்பதை அறிய, ஜீ.பி.எஸ்.3 எனும் பெரிய ஆய்வு ஒன்றும் இந்நாட்டின் பல வைத்தியசாலைகளை உள்ளடக்கி ஆரம்பிக்கப்பட்டது. ஆகவே ஒரு வைத்தியசாலையில் சோதிக்கப்பட்டவரும் இன்னொன்றில் சோதிக்கப்படாதவரும் எமது மண்டபத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடும். உங்கள் வைத்தியசாலையின் நடைமுறை என்ன என்பதை மிட்வைவ் எனும் மருத்துவிச்சியிடமே கேட்டறியுங்கள். அங்கே செய்வதில்லை என்றால், பணம் செலுத்தித் தனியாகவும் இச்சோதனையைச் செய்து கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது ஊட்டக் கரைசல் முறையில்தான் சோதிக்கிறார்களா என்று கேட்டுக் கொள்ளுங்கள். முடிவைக் கையோடு கொண்டு சென்று மருத்துவிச்சியிடம் காட்டிக் கர்ப்பகாலப் பதிவில் எழுதுவிக்க வேண்டும். வீட்டு அலுமாரியில் இருக்கும் கடிதத்தால் பிள்ளைக்குப் பயனில்லை.

யாருக்கு மருந்து தருவார்கள்?

எல்லோரையும் சோதிப்பதில்லை என்றாலும், ஆபத்து மிகுந்தவர்களுக்கு இந்நாட்டில் மருந்து தரப்படுகிறது. பின்வருவனவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

1. முன்னர் பெற்ற குழந்தைக்கு இத்தொற்று வந்திருந்தால். இவர்களுக்குச் சோதனை இல்லாமலே மருந்து வழங்குவர்.
2. இக்கர்ப்பத்தில் சிறுநீரிலோ பஞ்சுக்குச்சிச் சோதனையிலோ இக்கிருமி காணப்பட்டிருந்தால்.
3. 37 வாரம் நிறையுமுன் பிரசவ வலி தொடங்கினால்.
4. பிரசவ வேளையில் காய்ச்சல் முதலிய தொற்று அறிகுறிகள் இருந்தால்.

முந்திய கர்ப்பத்தில் இக்கிருமி இருந்து, பிள்ளை சுகமாகப் பிறந்திருந்தால், இம்முறையும் அது இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. இவர்கள் 35 முதல் 37 வாரத்திற்குள் சோதித்துப் பார்க்கலாம், அல்லது சோதிக்காமலே பிரசவ நேரத்தில் மருந்தைப் பெறலாம். முதற்பிள்ளையை வேறு நாட்டில் பெற்று இங்கு வந்தவர்களின் பழைய பதிவு இங்குள்ளவர்களிடம் இராது. அதை நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நான்கு மணித்தியாலக் கணக்கு

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம்.

மருந்து பெரும்பாலும் பெனிசிலின். அது குளிசையாக அன்றி, கையில் ஊசி பொருத்தி இரத்த நாளத்தினூடாக ஏற்றப்படும். பிரசவம் தொடங்கிய பின்னரே கொடுப்பார்கள். ஒரு மாதம் முந்திக் குளிசை விழுங்கிக் கிருமியை ஒழித்து விட்டால் என்ன என்று கேட்பதில் நியாயமுண்டு. ஆனால் ஒழித்த கிருமி பிரசவத்திற்கு முன்பே திரும்ப வந்து விடுகிறது. சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் மட்டும் அதற்கு உடனே மருந்து தந்து, பிரசவ வேளையில் மறுபடியும் ஏற்றுவார்கள்.

மருந்து ஏற்றத் தொடங்கிப் பிள்ளை பிறக்கும் வரை குறைந்தது நான்கு மணித்தியாலமாவது இருப்பது நல்லது. அம்மருந்து தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளையைச் சென்றடைய வேண்டும். பிள்ளை இவ்வுலகிற்கு வருமுன் மருந்து பிள்ளையிடம் போய்விட வேண்டும் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

இதனால், கிருமி இருப்பதாக அறிந்த தாய்மார் வலி கண்டவுடன் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். பன்னீர்க்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே எடுக்க வேண்டும். “வலி கூடட்டும் பார்ப்போம்”, “அவர் வேலையால் வரட்டும்”, “இராகு காலம் கழியட்டும்” என்று வீட்டிலே காத்திருப்பது எம்மவரிடையே உண்டு. இராகு காலம் ஒன்றரை மணித்தியாலம். மருந்துக்கு வேண்டியதோ நான்கு மணித்தியாலம். இரண்டாம், மூன்றாம் பிள்ளைகள் முதற்பிள்ளையைவிட விரைவாகப் பிறப்பது வழக்கமாதலால், வீட்டிலே கழித்த அந்த ஒன்றரை மணித்தியாலத்தை வைத்தியசாலையில் எவராலும் திருப்பித் தர முடியாது. அம்பாளை மனதில் நினைத்துத் திருநீறு பூசிக்கொண்டு உடனே புறப்படுங்கள்.

பெனிசிலின் ஒத்துவராதவர்கள் அதை முன்னரே சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. பன்னீர்க்குடம் உடையாமல், வலியும் தொடங்காமல், நாள் குறித்துச் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெறுபவர்களுக்கு இக்கிருமிக்கெனத் தனி மருந்து தேவையில்லை.

வைத்தியசாலையில் ஆங்கிலம் பேசத் தயங்கும் தாய்மார் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கலாம். “ஐ ஆம் ஜீ.பி.எஸ். பொசிற்றிவ்” என்பது ஒன்று. “வென் வில் ஐ கெற் மை அன்ரிபயோற்றிக்ஸ்?” என்பது மற்றது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தேசிய சுகாதார சேவையில் அதற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. மாமியோ பத்து வயதுப் பிள்ளையோ மொழிபெயர்க்கும்போது, சொல்ல வேண்டியவை பல சொல்லப்படாமற் போகின்றன.

முப்பத்தொரு நாளும் மூன்று மாதமும்

தாய் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் மருந்து பெற்றிருந்து பிள்ளையும் நலமாக இருந்தால், விசேட கண்காணிப்புத் தேவையில்லை. மருந்து நேரத்துக்குக் கிடைக்காவிட்டால், பிள்ளையைக் குறைந்தது பன்னிரண்டு மணித்தியாலம் கவனித்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் வீட்டுக்குப் போக அவசரப்பட வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பதற்கு இக்கிருமி தடையன்று. தாராளமாகக் கொடுக்கலாம்.

பிரசவ நேரத்து மருந்து முற்பட்ட தொற்றையே தடுக்கிறது. பிற்பட்ட தொற்றை அது தடுப்பதில்லை. ஆகவே மருந்து பெற்ற தாயும் மூன்று மாதம் வரை கவனமாக இருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்குமுன் எல்லோரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்கக் கூடாது.

பிள்ளை முனகுதல், மூச்சு விடக் கஷ்டப்படுதல், மிக வேகமாக மூச்சு வாங்குதல்;
பால் குடிக்க மறுத்தல், குடித்ததைத் திரும்பத் திரும்பக் கக்குதல்;
எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், உடம்பு துவண்டு போதல்;
எவ்வளவு ஆற்றியும் நிற்காத அழுகை;
காய்ச்சல், அல்லது உடம்பு வழமைக்கு மாறாகக் குளிர்ந்து போதல்;
தோல் வெளிறுதல், நீலம் பாரித்தல், புள்ளி புள்ளியாக நிறம் மாறுதல்.

இவை பிறந்த குழந்தையில் மணிக்கணக்கில் முற்றக் கூடியவை. உடனே 999ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். “பிரசவத்தின்போது எனக்குக் குறூப் பி ஸ்ரெப் இருந்தது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வைத்தியர் எதைத் தேட வேண்டும் என்பதை அவ்வொரு வாக்கியமே காட்டிவிடும்.

இங்கே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முப்பத்தொரு நாள் துடக்குக் காத்துப் பிள்ளையை வெளியே கொண்டு போகாமல் வைத்திருப்பது எமது வழக்கம். தாய்க்கு ஓய்வும் பிள்ளைக்குக் காவலும் தருவதாலேயே அது நல்ல வழக்கமாக நிலைத்திருக்கிறது என்பது எமது எண்ணம். பிள்ளையைக் காக்க வந்த வழக்கம், பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு போகத் தடையாக நிற்கலாகாது. ஆலயத்துக்கு வர முப்பத்தொரு நாள் பொறுங்கள். வைத்தியசாலைக்குப் போக ஒரு மணித்தியாலமும் பொறுக்க வேண்டாம். “பிள்ளை சோர்ந்து கிடக்குது, கண்ணூறாக்கும்” என்று மிளகாய் சுற்றிப் போடுபவர்கள், காரில் ஏறிய பின் அதைச் செய்தாலும் குற்றமில்லை.

மாமிமாருக்கும் அம்மாமாருக்கும் இன்னுமொன்று சொல்ல வேண்டும். உங்கள் மருமகளோ மகளோ இக்கிருமி பற்றி உங்களிடம் சொன்னால், “எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை” என்று ஒதுக்கி விடாதீர்கள். எங்கள் காலத்திலும் இக்கிருமி இருந்தது. பிறந்த இரண்டாம் நாள் காய்ச்சலில் போன பிள்ளைகள் பல குடும்பங்களில் உண்டு. அவற்றுள் எது இக்கிருமியால் என்று கண்டறிய அப்போது வழியில்லை. இன்று வழியிருக்கிறது. அவள் உங்களிடம் மறைத்தால், பன்னீர்க்குடம் உடையும் இரவில் அவளுக்காகத் தொலைபேசி எடுக்க வேண்டிய நீங்கள், அவசரம் எதுவென்று தெரியாமல் இருப்பீர்கள். ஆகவே அவள் சொல்லக்கூடிய விதமாக நீங்களே முதலிற் கேட்டு விடுங்கள்.

சுருக்கமாக: 35ஆம் வாரத்திற்கு முன் மருத்துவிச்சியிடம் சோதனை பற்றிக் கேளுங்கள். முடிவைப் பதிவில் எழுதுவித்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். வலி கண்டதும், அல்லது பன்னீர்க்குடம் உடைந்ததும் தொலைபேசி எடுங்கள். மூன்று மாதம் பிள்ளையைக் கவனியுங்கள். எமது கட்டுரை பொது அறிவுக்கானது. உங்களுக்கு எது பொருத்தம் என்பதை உங்கள் வைத்தியரே கூற வேண்டும்.

எமது குடும்பங்களில் பிறக்கவிருக்கும் குழந்தைகள் அனைவரும் நலமாகப் பிறந்து, முப்பத்தொன்று கழிந்து, அம்பாள் சந்நிதிக்குத் தாயின் கையில் வந்து சேர வேண்டும் என்று பிரார்த்திக்கிறோம்.